கையெழுத்தைப் பார்க்கிறமா, பெட்டியைப் பார்க்கிறமா?

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு கூடைப்பந்துக் கார்ட் 12.932 மில்லியன் டொலருக்கு விலைபோனது. மைக்கல் ஜோர்டனும் கோபி பிரயன்ட்டும் ஒரே கார்டில் கையெழுத்து வைத்தது. 2007-08 பருவத்துக்கு அப்பர் டெக் நிறுவனம் வெளியிட்டது. அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு முதல் மிக அதிக விலைக்குப் போன கார்ட், 2022 இல் 12.6 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்ட மிக்கி மான்டிலின் 1952 டொப்ஸ் பேஸ்போல் கார்ட். மான்டில் கார்ட் பழசு, அழுக்குப்படாதது, அதனால் விலை. ஜோர்டன்-கோபி கார்டின் விலையில் பெரும் பங்கு இரண்டு பேனைக் கோடுகளுக்கு. கோபி 2020 ஜனவரியில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்துவிட்டார். இனி அவர் ஒரு கோடும் போடமாட்டார்.

அந்தக் கார்டில் எங்களுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை வாசித்த பிறகு நாங்கள் விடுதியில் இருந்து கதைத்த கதை வேறு திசையில் போனது. ஒரு கையெழுத்து உண்மையா இல்லையா என்று யார் சொல்கிறார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்? நாங்கள் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தச் சந்தையில் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் இப்போது கையெழுத்தைப் பார்ப்பதே இல்லை. கார்டை அடைத்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டியையும் அதில் ஒட்டியிருக்கும் லேபலையும்தான் பார்க்கிறார்கள். லேபல் ஒட்டுகிறவர்களோ தங்கள் தீர்ப்புக்குக் காரணம் சொல்வதில்லை. இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியது வாங்குகிறவர்கள்தான்.

இலங்கையில் இருக்கிற உங்களுக்கு அமெரிக்கக் கார்டோடு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கட தலைமுறைக்குக் கார்ட் என்றால் பள்ளிக்கூட இடைவேளையில் விளையாடின டபிள்யூ.டபிள்யூ.இ. கார்ட்தான், அதில் யாரும் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் கனடாவில் இருக்கிற எங்கட மச்சான்மார், மாமாமாரின் பிள்ளைகள் ஹொக்கி கார்டும் கூடைப்பந்துக் கார்டும் சேர்க்கிறார்கள். பொதி உடைக்கிற வீடியோக்களை இங்கே இருந்து பார்க்கிற பெடியளும் உண்டு. அதோடு, கலைப்பீடத்தில் மூலங்களை நம்புவது எப்படி, சந்தேகிப்பது எப்படி என்று மூன்று வருடமாகப் படிக்கிறோம். இந்தப் படிப்பு வேலைக்கு உதவாது என்கிறவர்களுக்குக் காட்ட நல்ல உதாரணம் ஒன்று கிடைத்தால் விடலாமா?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துக் கார்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவை வந்து சேர்கிற வழிகள் வேறு. 1990 இல் அப்பர் டெக் ஒரு புது வேலை செய்தது. பேஸ்போல் வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்து வைத்து இலக்கமிட்ட 2,500 கார்டுகளைச் சாதாரணப் பொதிகளுக்குள் கலந்து விட்டது. கடையில் பொதி வாங்கி உடைக்கிற சிறுவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் உண்மையான கையெழுத்து கிடைக்கும். இன்றைக்கு எல்லா நிறுவனங்களும் செய்வது இதுதான். சில கார்டுகளில் வீரர் நேரடியாகக் கார்டிலேயே எழுதுவார். பலவற்றில் அவருக்கு ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர்த் தாள்களை அனுப்பி, அவர் எழுதி அனுப்பியதும் ஒவ்வொன்றாக உரித்துக் கார்டில் ஒட்டுவார்கள். சேகரிப்பவர்களுக்கு ஸ்டிக்கர் பிடிக்காது; எங்களுக்கும் பிடிக்கவில்லை. அந்த வீரர் அந்தக் கார்டைக் கையால் தொட்டதே இல்லை என்பது ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் இரண்டிலும் பின்பக்கத்தில் ‘இது உண்மையான கையெழுத்து’ என்று நிறுவனம் உத்தரவாதம் அச்சடித்திருக்கும்.

மற்ற வழி, சாதாரணக் கார்டை யாரோ ஒரு ரசிகர் மைதான வாசலில் நீட்டி, அல்லது தபாலில் அனுப்பி, கையெழுத்து வாங்கியது. இதில் உத்தரவாதம் எதுவும் இல்லை. கையெழுத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கதை மட்டும் இருக்கும்: ‘எங்கட தாத்தா 1955 இல் நேரில் வாங்கினவர்.’ தாத்தாவும் இல்லை, வீரரும் இல்லை. உண்மையான சிக்கல் இங்கேதான். தபாலில் வந்ததென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: வீரருக்குப் பதிலாக உதவியாளரோ வீட்டுக்காரரோ எழுதி அனுப்புவது விளையாட்டு உலகில் பழைய வழக்கம். மோசடி செய்யவேண்டும் என்று நினைத்தவர் யாரும் இல்லை, ஆனாலும் கையெழுத்து அவருடையதல்ல.

சரி, மையைப் பார்க்கத் தொடங்குவோம். பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி அறிக்கையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்த வகுப்புத் தோழர்களை எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆசிரியர் எப்படிப் பிடித்தார்? எழுத்து வடிவம் பிழைத்ததால் இல்லை. வடிவம் அநேகமாகச் சரியாகவே இருக்கும். பிழைப்பது வேகம். ஒருவர் தன் பெயரை எழுதும்போது யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனை ஓட்டத்தோடேயே தாளில் இறங்கி ஓட்டத்தோடேயே எழும்பும். அதனால் நுனிகள் மெலிந்து கூராக இருக்கும். போலி செய்கிறவர் எழுதுவதில்லை, வரைகிறார். பேனையை வைத்துவிட்டுத் தொடங்குகிறார், பார்த்துப் பார்த்து வளைக்கிறார், நடுவில் நிறுத்தி மாதிரியைப் பார்க்கிறார். நுனிகள் மொட்டையாக இருக்கும். நிறுத்தின இடத்தில் மை கொஞ்சம் கூடத் தங்கும். வளைவுகளில் சின்ன நடுக்கம் தெரியும். ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் இவ்வளவும் சாதாரண ஆளுக்கே தெரியக்கூடியவை.

ஆனால் நடுக்கம் இருந்தால் போலி என்று முடிவுகட்டவும் முடியாது. முகமது அலிக்கு 1984 இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். அவருடைய அறுபதுகளின் கையெழுத்தையும் தொண்ணூறுகளின் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு ஆட்கள் எழுதியது போல இருக்கும். ஆகவே மாதிரியோடு ஒப்பிடும்போது அதே காலத்து மாதிரியோடு ஒப்பிட வேண்டும். தொண்ணூறுகளில் வெளிவந்த கார்டில் அறுபதுகளின் அழகான, வேகமான அலி கையெழுத்து இருந்தால், அந்த அழகுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

காலம் என்று வந்தால் எங்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரொபர்ட்டோ கிளமென்டே. புவர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பேஸ்போல் வீரர். நிக்கரகுவாவில் பூகம்பம் வந்தபோது நிவாரணப் பொருட்களோடு விமானத்தில் போகும்போது 1972 டிசம்பர் 31 இல் விபத்தில் இறந்தார். டொப்ஸ் நிறுவனத்தின் 1973 வரிசையிலும் அவருடைய கார்ட் இருக்கிறது. அந்தக் கார்ட் கடைக்கு வரும்போது அவர் உயிரோடு இல்லை. அப்படியென்றால் ‘கிளமென்டே கையெழுத்திட்ட 1973 டொப்ஸ்’ என்று யாராவது விற்றால் மையைப் பார்க்கவே தேவையில்லை. திகதி ஒன்றே போதும்.

பேனையும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். போல்பொயின்ட் பேனை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 ஒக்டோபரில். லூ கெரிக் இறந்தது 1941 இல். பேப் ரூத் இறந்தது 1948 இல். ஆகவே போல்பொயின்டில் லூ கெரிக் கையெழுத்து என்பது நடக்காத காரியம். பேப் ரூத் என்றால் கடைசி மூன்று வருடத்துக்கு மட்டும் நடக்கக்கூடியது. ஷார்பி மார்க்கர் 1964 இல்தான் வந்தது, அதனால் ஷார்பியில் பேப் ரூத் இல்லவே இல்லை. வரலாறு படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான வேலை. 15 ஆம் நூற்றாண்டில் லொரென்சோ வல்லா செய்தது இதைத்தான். ரோமப் பேரரசர் கொன்ஸ்டன்டைன் பாப்பரசருக்கு மேற்கு நாடுகளை எழுதிக்கொடுத்ததாகச் சொன்ன ஆவணத்தில் அந்தக் காலத்து லத்தீனில் வந்திருக்க முடியாத சொற்கள் இருக்கின்றன என்று 1440 இல் காட்டினார். சொல்லுக்குப் பதில் இங்கே பேனை. முறை ஒன்றுதான்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். 1952 டொப்ஸ் போன்ற பழைய கார்டுகளின் முன்பக்கத்தில் வீரரின் கையெழுத்து அச்சடிக்கப்பட்டே வரும். புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்கள் அதைப் பார்த்துவிட்டு ‘கையெழுத்துக் கார்ட்’ என்று குதிப்பதுண்டு. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் அச்சு மை கார்டின் மேற்பரப்போடேயே ஒட்டிக் கிடக்கும். பேனை மை தனியாக மினுங்கும், போல்பொயின்ட் என்றால் அழுத்தின பள்ளமும் தெரியும். மற்றது, இந்தக் காலத்துப் பளபளப்பான கார்டுகளில் மார்க்கர் மை சரியாகப் பிடிக்காது, குமிழ் குமிழாகத் திரளும். அதற்காகவே சில ரசிகர்கள் கையெழுத்து வாங்கப் போகும் முன் கார்டில் குழந்தைப் பவுடர் தடவிக்கொண்டு போகிறார்கள். பவுடர் தடவின கார்டைச் சந்தேகப்படக்கூடாது, பாவம், அது உண்மையாக ஆசைப்பட்டவன் ஒருவன் கையில் இருந்து வந்ததாக இருக்கலாம்.

இனி இயந்திரம். ஓட்டோபென் என்று ஒன்று இருக்கிறது. ஒருவரின் கையெழுத்தைப் பதிந்து வைத்தால் உண்மையான பேனையைப் பிடித்து உண்மையான மையால் அதையே திரும்பத் திரும்ப எழுதும். அமெரிக்க அரசியல்வாதிகள் கடிதங்களுக்குப் பாவிப்பார்கள். இதைப் பிடிக்கிற வழி எங்களுக்கு முதலில் தலைகீழாகத் தெரிந்தது. மனிதக் கையெழுத்து ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் ஒத்துப்போக வேண்டும் என்றுதான் நினைப்போம். ஆனால் எந்த மனிதரும் தன் கையெழுத்தை இரண்டு தரம் அச்சொட்டாக ஒரே மாதிரி வைப்பதில்லை. இரண்டு கார்டின் கையெழுத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது கோட்டுக்குக் கோடு பொருந்தினால், குறைந்தது ஒன்றாவது போலி. அழுத்தமும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கும்.

இதில்தான் 2017 இல் நிறுவன உத்தரவாதம் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டது. டலஸ் கவ்போய்ஸ் அணியின் இளம் வீரர் டக் பிரெஸ்கொட் 2016 இல் திடீரென்று புகழ்பெற்றார். பனினி நிறுவனம் தன் பிரிஸம் வரிசையில் அவருடைய கையெழுத்துக் கார்டுகளை வெளியிட்டது. வாங்கியவர்கள் தரம் பார்ப்பதற்காக பெக்கட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பெக்கட் பார்த்துவிட்டு, இவை கையால் எழுதப்பட்டவையாகத் தெரியவில்லை, இயந்திரம் எழுதியவை என்று திருப்பி அனுப்பியது. அந்தக் கார்டுகள் மைதான வாசலில் யாரோ வாங்கியவை அல்ல. சந்து பொந்தில் யாரோ செய்து விற்றவையும் அல்ல. உத்தரவாதத்தோடு நிறுவனத்திடம் இருந்தே நேராக வந்தவை. நிறுவனம் ஸ்டிக்கர் அல்லது கார்டுகளை அனுப்புகிறது, மறுபக்கத்தில் இருந்து எழுதித் திரும்பி வருகின்றன. அந்த இடைவெளியில் அறைக்குள் யார் இருந்தார்கள் என்று கார்டின் பின்பக்கத்து வாசகத்துக்குத் தெரியாது.

எங்களுக்கு இந்தச் சம்பவத்தில் ஒரு சின்ன சந்தோஷமும் இருக்கிறது. இங்கே கையெழுத்தை யாரோ உண்மையாகவே பார்த்தார்கள். பெட்டியில் அடைக்கிற நிறுவனம் ஒன்று, கார்டில் அச்சடித்திருந்த உத்தரவாதத்தை நம்பாமல் மையைப் பார்த்தது. காரணமும் வெளியே வந்தது: இயந்திர எழுத்து. அதனால்தான் மற்றவர்களாலும் தங்கள் கார்டை எடுத்துச் சரிபார்க்க முடிந்தது. நாங்கள் கேட்பது இந்த மாதிரித்தான், ஒவ்வொரு தரமும்.

வழமையாக நடப்பது வேறு. தொண்ணூறுகளின் கடைசியில் எஃப்.பி.ஐ. ‘ஒப்பரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தியது. தென் கலிபோர்னியாவில் இருந்து இயங்கிய கும்பல் பேப் ரூத், மான்டில் என்று எல்லாருடைய கையெழுத்தையும் போட்டு நாடு முழுக்க விற்றது. அதனால் ஏற்பட்ட இழப்பு 100 மில்லியன் டொலர் வரை போகும் என்று மதிப்பிட்டார்கள். கைப்பற்றிய பொருட்களில் அன்னை தெரேசா கையெழுத்திட்ட பேஸ்போல் பந்துகளும் இருந்தன. வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அதற்கும் ஒரு சான்றிதழ் இருந்திருக்கும், அதையும் நம்ப ஆட்கள் இருந்திருப்பார்கள். கும்பல் கையெழுத்தோடு சேர்த்துச் சான்றிதழையும் அச்சடித்தது. சான் டியாகோ பாட்ரெஸ் அணியின் டொனி க்வின் தன் சொந்த அணியின் கடையிலேயே தன் பெயரில் விற்பனைக்கு இருந்த பொருட்களைப் பார்த்துவிட்டு, இது என் கையெழுத்து இல்லை என்று சொன்னார். ஆள் உயிரோடு, அதே கட்டிடத்தில் இருக்கும்போதே இந்த நிலைமை.

இதற்குப் பிறகு இரண்டு வழி திறந்தது. ஒன்று சாட்சி. அமெரிக்க பேஸ்போல் லீக் 2001 இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு போட்டியிலும் ஒரு அத்தாட்சிக்காரர் இருப்பார். பலர் பொலிஸ் வேலையில் இருந்தவர்கள். பொருள் பாவிக்கப்பட்டதை, கையெழுத்து வைக்கப்பட்டதைக் கண்ணால் கண்டால் மட்டும் ஹொலோகிராம் ஒட்டுவார். காணாவிட்டால், வீரரே வந்து சத்தியம் பண்ணினாலும் ஒட்டமாட்டார். 2025 மார்ச்சில் 1.11 மில்லியன் டொலருக்குப் போன போல் ஸ்கீன்ஸ் கார்டின் பலம் இதுதான். அதில் இருப்பது அவர் முதல் போட்டியில் அணிந்த மேலாடையில் தைத்திருந்த சின்னம். போட்டி முடிந்ததும் கழற்றி அத்தாட்சிப்படுத்தியது, அதன் பிறகு கையெழுத்தோடு கார்டாகியது. லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு 11 வயதுப் பெடியனுக்குக் கிறிஸ்மஸ் பொதியில் அது கிடைத்தது. பிட்ஸ்பர்க் அணி 30 வருடத்துக்கு இலவச இருக்கை தருகிறோம், கார்டைத் தா என்று கேட்டதாம். பெடியன் குடும்பம் ஏலத்துக்குத்தான் கொடுத்தது. நாங்கள் என்றாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இரண்டாவது வழி கருத்து. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கட் போன்ற நிறுவனங்கள் எப்போதோ எங்கேயோ வைக்கப்பட்ட கையெழுத்தைப் பார்த்து, தங்களிடம் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு, இது உண்மை என்று நினைக்கிறோம் என்று சொல்கின்றன. நினைக்கிறோம் என்பதுதான் சரியான சொல். அவர்களுடைய விதிமுறைகளிலேயே இது ஒரு அபிப்பிராயம் என்று இருக்கிறது. ஆனால் பெட்டியின் லேபலில் ‘உண்மையானது’ என்ற சொல் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். சாட்சி சொன்ன உண்மையும் ஊகித்துச் சொன்ன உண்மையும் ஒரே மாதிரிப் பெட்டிக்குள், ஒரே மாதிரி எழுத்தில். வாங்குகிறவருக்கு எப்படி வித்தியாசம் விளங்கும்?

இது எங்களுக்கு அந்நியமான விஷயமே இல்லை. ஏ.எல். சான்றிதழின் போட்டோ பிரதியைத் தூக்கிக்கொண்டு சமாதான நீதவான் வீட்டுக்குப் போகாத ஆள் எங்கட வாசகர்களில் இருக்கமாட்டீர்கள். அவர் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்து, நகலோடு ஒப்பிட்டு, ‘உண்மைப் பிரதி’ என்று சீல் குத்தினால் அது சாட்சி. ‘வையுங்கோ தம்பி, பின்னேரம் வாங்கோ’ என்று சொல்லிவிட்டு இருபது பேருடையதைச் சேர்த்துக் குத்தினால் அது என்ன? சீல் ஒன்றுதான். அலுவலகத்தில் சீலைத்தான் பார்க்கிறார்கள்.

நிறுவனங்களுக்குச் சார்பாகச் சொல்லப்படுவதையும் கேட்போம். அவர்கள் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைப் பார்த்த கண்கள், போனில் படம் பார்க்கும் மாணவர்கள் அந்தக் கண்ணுக்கு ஈடாக முடியாது என்பார்கள். ஒத்துக்கொள்கிறோம். நல்ல அத்தாட்சிக்காரர் எங்களைவிடப் பலமடங்கு கூடக் காண்பார். ஆனால் கண்டதைச் சொல்லலாமே? எந்த எழுத்து, எந்த வளைவு, எந்த வருடத்து மாதிரி, எந்த மை. நீதிமன்றத்தில் கையெழுத்து நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறினால் காரணம் சொல்லாமல் இறங்க முடியாது. எக்ஸாமில் நாங்கள் ‘ஆம்’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் எத்தனை புள்ளி போடுவார்கள்?

காரணத்தை வெளியே சொன்னால் போலிக்காரர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது மற்ற வாதம். இது கொஞ்சம் பலமான வாதம்தான். ஆனால் அவர்கள் ஏற்கனவே கற்றுவிட்டார்கள். அதோடு அவர்களுக்கு இப்போது கையெழுத்தைக்கூடச் சரியாகப் போடத் தேவையில்லை. ஹொலோகிராமைச் சரியாகச் செய்தால் போதும். 2025 இல் இண்டியானா மாநிலத்தில் வெளியே வந்த விவகாரத்தில், இயந்திரத்தால் கையெழுத்திட்டு, பெயர்பெற்ற நிறுவனங்களின் ஹொலோகிராம் ஸ்டிக்கர்களையே போலியாகச் செய்து ஒட்டி விற்றார்கள் என்பதுதான் பேச்சாக இருந்தது. வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறார்கள் என்பது எங்களை விட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாங்குகிறவர் மையைப் பார்க்கப் பழகியிருந்தால் ஸ்டிக்கரைப் போலி செய்வதில் இவ்வளவு லாபம் இருந்திராது.

இன்னொன்று, பெட்டி எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் தவறலாம் என்பதற்குப் பெட்டிகளின் பிறப்பிலேயே சாட்சி இருக்கிறது. இது கையெழுத்து இல்லாத கார்ட், ஆனாலும் சொல்லாமல் விடமுடியாது. பி.எஸ்.ஏ. தரப்படுத்திய முதலாவது கார்ட், ஹொனஸ் வாக்னரின் புகழ்பெற்ற டி206 சிகரெட் கார்ட். ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு காலத்தில் அதன் பங்கு உரிமையாளர். 2007 இல் 2.8 மில்லியன் டொலருக்கு விற்பனையானது. ஓரங்கள் அவ்வளவு நேர்த்தி. 2013 இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அந்த ஓரங்களைத் தானே வெட்டி நேராக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டின கார்டுக்குத் தரப்புள்ளி கொடுக்கக்கூடாது என்பதுதான் விதி. முதலாவது பெட்டிக்குள்ளேயே விதியை மீறின கார்ட்.

கையெழுத்தே மோசமாகிப் போனதையும் சொல்ல வேண்டும். ஒரு இளம் வீரரிடம் ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர்களைக் கொடுத்து எழுதச் சொன்னால் அவர் பெயரையா எழுதுவார்? முதல் எழுத்து, ஒரு கிறுக்கல், அடுத்தது. ஹார்மன் கில்லப்ரூ என்ற பழைய பேஸ்போல் வீரர் இதற்கு எதிரானவர். டொரி ஹன்டர் போன்ற இளையவர்களைப் பிடித்து, பெயரை வாசிக்கக்கூடிய மாதிரி எழுது என்று சொல்லிக்கொடுத்தார். அவருடைய கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருக்கும். மரியாதைக்காக அவர் செய்தது. ஆனால் போலியைத் தடுக்கவும் அது உதவும். பத்துப் பதினைந்து எழுத்து முழுதாக இருக்கிற கையெழுத்தில் போலிக்காரர் பிழைவிட எத்தனை இடம்! இரண்டு சுழியும் ஒரு கோடும் என்றால் பூதக்கண்ணாடி வைத்தும் சொல்ல ஒன்றும் இல்லை. அதிகம் விற்க ஆசைப்பட்டு, சரிபார்க்கக்கூடிய தன்மையையே நிறுவனங்கள் அழித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவும் எங்களுக்கு ஏன் சூடாக இருக்கிறது என்றால், எங்கட நண்பர் ஒருவரின் மாமா ஸ்கார்பரோவில் இருக்கிறார். தொண்ணூறுகளில் போனவர். போன புதிதில் ஆங்கிலம் தடுமாற, வேலைத்தலத்தில் ஹொக்கி பற்றிக் கதைத்துத்தான் ஆட்களோடு சேர்ந்தவராம். ஓய்வு நேரத்தில் பழைய ஹொக்கி கார்ட் சேர்க்கிறார். டெட்ராயிட் ரெட் விங்ஸின் கோர்டி ஹோவ் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் ஒரு கார்ட் அவரிடம் இருக்கிறது. ஹோவ் 2016 இல் இறந்துவிட்டார். மாமா அதை ஒரு அத்தாட்சி நிறுவனத்துக்குக் காசு கட்டி அனுப்பினார். சில மாதம் கழித்து ‘கருத்துச் சொல்ல முடியவில்லை’ என்று ஒரு வரியில் பதில். காரணம் இல்லை. காசும் திரும்பவில்லை. அதே கார்டை இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பினார். ‘உண்மையானது’ என்று பெட்டியில் அடைத்து வந்தது. அதற்கும் காரணம் இல்லை.

மருமகன் கம்பஸில் படிக்கிறான், அவனும் கூட்டாளிமாரும் பார்த்துச் சொல்லட்டும் என்று வீடியோவில் காட்டினார். நாங்கள் சொன்னது கொஞ்சம்தான். நுனிகள் கூராக இருக்கின்றன, ஓட்டம் இருக்கிறது, எழுத்தெல்லாம் முழுதாக வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. ஆனால் பெட்டியின் பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டு மை மேற்பரப்பில் எப்படி நிற்கிறது என்று தெரியவில்லை. என்ன பேனை என்பதே தெரியாமல் திகதி பற்றி எதுவும் சொல்ல முடியாது. யாரிடம் வாங்கினீர்கள், அவர் யாரிடம் வாங்கினவர் என்று கேட்டோம். கார்ட் கண்காட்சி ஒன்றில், பெயர் நினைவில்லை என்றார். அதே காலத்தில் ஹோவ் கையெழுத்து வைத்த, நேரில் கண்ட சாட்சியுள்ள நாலைந்து மாதிரிப் படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். முதலாவது நிறுவனத்துக்கு, என்ன கண்டபடியால் கருத்துச் சொல்லவில்லை என்று எழுத்தில் கேட்கச் சொன்னோம். கடிதத்தை நாங்களே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினோம். இன்னும் பதில் வரவில்லை.

போன கிழமை கோல் எடுத்து, மூன்றாவது நிறுவனம் ஒன்று இருக்கிறதாம், அதற்கும் அனுப்பிப் பார்க்கட்டா என்று கேட்டார். வேண்டாம் மாமா, அந்தக் காசுக்கு நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கோ, பெட்டியை உடைப்பமா என்று பிறகு யோசிப்பம் என்று சொல்லியிருக்கிறோம்.